ஐந்தாம் நரம்பு இறங்கும்போது

'கார்டும் நம்மகிட்ட இருந்ததுதான்' என்று சீர்காழிப் பக்கம் தமிழிசை பேசும் நண்பர்கள் சொல்வதுண்டு. ஒரு கார்டைக் கட்டிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

பியானோவில் ஸி-யை அழுத்துங்கள். கறுப்பையும் சேர்த்து எண்ணினால் மூன்றாம் கட்டை இ-ஃப்ளாட். அங்கிருந்து நான்காவது ஜி. இன்னும் மூன்று தள்ளி பி-ஃப்ளாட். இது மைனர் செவன்த். இப்போ ஜி-யை மட்டும் ஒரு கட்டை இறக்குங்கள். 3-4-3 என்ற இடைவெளி 3-3-4 ஆகிறது. வலக்கையில் பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல். இடக்கையில் கீழிருந்து சுண்டுவிரல், நடுவிரல், ஆள்காட்டி, பெருவிரல். மூன்று கறுப்புக் கட்டைகள் வருவதால் கையைச் சற்று உள்ளே தள்ளி வைக்கணும். வெள்ளையிலேயே பழகணும்னா பி, டி, எஃப், ஏ.

சிலப்பதிகார உரைமரபில் ஐந்தாம் நரம்பு கிளை, நான்காவது நட்பு, மூன்றும் ஆறும் பகை. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் 'கருணாமிர்த சாகர'த்தில் இவ்வுறவுகளை விரிவாகப் பேசினார். கார்டோ, 'பகை'யான மூன்றாம் சுரத்தை அடுக்கியே எழுகிறது. ஸி-க்குக் கிளையாக நின்றது ஜி. அது இறங்கியதும் கார்டு நிலைகொள்ளாமல் அடுத்த கார்டைத் தேடுகிறது. இந்தத் தவிப்பைச் சொல்ல நம் பழைய சொற்கள் உதவுகின்றன. ஆனால் சுரங்களை ஒருசேர அடுக்கும் இலக்கணம் ஐரோப்பாவில் வளர்ந்தது. அதற்கு அச்சொற்களைப் பட்டாவாகக் காட்ட முடியாது.

சீர்காழிச் சம்பந்தரின் தருமபுரப் பதிகம் யாழில் அடங்காதபோது யாழ்ப்பாணர் கருவியை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்தார் என்கிறது பெரியபுராணம். கருவிக்கு எல்லை உண்டுன்னு ஒப்புக்கொண்ட மரபு இது. அதன் பேரால் எல்லாவற்றையும் உரிமை கொண்டாடத் தேவையில்லை.