வீட்டில் பொட்டல உணவு எவ்வளவு? அளந்து பாருங்கள்

மண்ணைப் பரிசோதிக்காமல் உரமிட்டால் பணம் வீணாகும் என்பது தாங்கள் அறிந்ததே. பாலின் கொழுப்பை அளந்த பிறகே சங்கத்தில் விலை போடுகிறார்கள். ஆனால், நம் பிள்ளைகள் உண்பதில் வயலிலிருந்து வருவது எவ்வளவு, ஆலைப் பொட்டலத்திலிருந்து வருவது எவ்வளவு என்று நாம் அளப்பதில்லை. கேழ்வரகையும் நிலக்கடலையையும் விற்றுவிட்டு, திரும்பும் வழியில் பிஸ்கட் வாங்கி வருகிறோம்.

நான்கு பிரிவுகள்

பிரேசில் நாட்டின் சாவோ பாலோ பல்கலைக்கழக அறிஞர் கார்லோஸ் மான்டெய்ரோ 2009ஆம் ஆண்டு வெளியிட்ட கருத்திலிருந்து உருவானது 'நோவா' என்னும் முறை. இதில் உணவு நான்காகப் பிரிக்கப்படுகிறது.

1. இயல்பான உணவு: அரிசி, கேழ்வரகு, பருப்பு, காய்கறி, முட்டை, பால்.
2. சமையலுக்குத் துணையானவை: எண்ணெய், உப்பு, வெல்லம், சர்க்கரை.
3. பதப்படுத்திய உணவு: ஊறுகாய், கருவாடு போன்றவை.
4. மிகைப் பதப்படுத்திய உணவு: குளிர்பானம், உடனடி நூடுல்ஸ், ஆலை பிஸ்கட், சத்துபான மாவு முதலியன.

நான்காம் பிரிவை அறிய, பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்டுள்ள சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின், குளுக்கோஸ் சிரப், செயற்கை மணம், நிறமி, எமல்சிஃபையர் போன்ற, சமையலறையில் புழங்காத பொருள்கள் இருப்பின் அது நான்காம் பிரிவைச் சேர்ந்தது எனக் கொள்ளலாம்.

பிரிக்கும்போது கவனம் தேவை. பொட்டலத்தில் வருவதெல்லாம் நான்காம் பிரிவு அன்று. உறையில் வரும் பால் முதற்பிரிவே. டீக்கடை வடையில் எண்ணெய் மிகுதி. அளவோடு உண்பது நன்று. எனினும் உளுந்தை அரைத்துச் சுடும் வடை நான்காம் பிரிவில் சேராது.

ஏன் அளக்க வேண்டும்?

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 20 பேருக்கு இருவகை உணவும் வகைக்கு இரண்டு வாரம் தரப்பட்டன. முன்வைத்த உணவில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து இரண்டிலும் ஒத்த அளவே. விரும்பிய அளவு உண்ணலாம். மிகைப் பதப்படுத்திய உணவின்போது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டனர். எடை சராசரியாக 0.9 கிலோ கூடியது.

நாட்டளவில் அளத்தல்

முந்தைய 24 மணி நேரத்தில் உண்ட அனைத்தையும் கேட்டு எழுதுவது ஒரு முறை. இவ்வாறு 2021 ஆகஸ்ட் முதல் 2023 ஆகஸ்ட் வரை அமெரிக்காவில் கணக்கெடுத்ததில், கலோரியில் 55 சதம் இவ்வுணவிலிருந்தே வந்தது.

நம் நாட்டில் 2023-24ஆம் ஆண்டு குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில், பானங்கள், பதப்படுத்திய உணவு ஆகிய இனத்திற்குக் கிராமப்புறச் செலவில் 9.84 சதம் சென்றது. ஆனால் இதில் டீயும், வெளியில் வாங்கும் சமைத்த உணவும் அடங்கும். மேலும் இது பணக் கணக்கே. வீட்டில் யார் எவ்வளவு உண்டார் என்பதைக் காட்டாது. ஆகவே இதையே மிகைப் பதப்படுத்திய உணவின் அளவாகக் கொள்ளலாகாது.

வீட்டில் அளக்கும் முறை

1. ஒரு நாள் முழுவதும் பிள்ளை உண்பதையும் குடிப்பதையும் உடனுக்குடன் எழுதுங்கள். பள்ளிக்கு வெளியே வாங்கித் தின்பதையும் விடாமல் கேளுங்கள். மறந்து போவது பெரும்பாலும் இதுவே.
2. நான்காம் பிரிவுப் பொருள்களைத் தனியே குறியுங்கள்.
3. பொட்டலத்தில் 100 கிராமுக்கான கலோரி அச்சிடப்பட்டிருக்கும். உண்ட அளவிற்கு ஏற்பக் கணக்கிடுங்கள்.

உதாரணமாக, பிஸ்கட் 50 கிராம் 225, நூடுல்ஸ் ஒரு பொட்டலம் 300, குளிர்பானம் 200 மில்லி 90 எனில் மொத்தம் 615 கலோரி. பிள்ளை அன்று உண்டது 1,800 கலோரி எனக் கொண்டால் 34 சதம், அதாவது மூன்றில் ஒரு பங்கு ஆலை உணவு.

ஒரு நாள் கணக்கு போதாது. பள்ளி நாள் இரண்டும் விடுமுறை நாள் ஒன்றும் எழுதிச் சராசரி காண்பது நன்று. கலோரிக் கணக்கு கடினமெனில், நாளொன்றுக்கு எத்தனை பொட்டலம் என்று எண்ணி வந்தாலும் கூடுகிறதா, குறைகிறதா என்பது விளங்கும்.

கணக்கு கையில் வந்ததும், முதலில் ஒரு பொட்டலத்திற்குப் பதிலாக வேகவைத்த கடலையோ, கேழ்வரகு அடையோ கொடுத்துப் பாருங்கள். அடுத்த மாதம் மீண்டும் அளவுங்கள். நம் வயலில் விளைந்த தானியம் முதலில் நம் பிள்ளையின் தட்டுக்கு வரட்டும்.