புகைபோக்கிக்கும் ஒரு பதிவேடு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் ஏறினால், முதுநகரைத் தாண்டியதும் சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிடும். குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் என்று சாலையோர ஊர்களில் இருந்து வரும் பிள்ளைகளுக்கு, தொழிற்சாலை வெளியிடும் வாயு என்றால் மூக்கில் ஏறும் நெடிதான். ஒன்பதாம் வகுப்பில் பசுமை இல்ல வாயுக்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதல் குழப்பம் இங்கேயே வந்து நிற்கிறது. கார்பன் டைஆக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகைபோக்கியில் நாம் பார்க்கும் வெண்மை பெரும்பாலும் நீராவி. கண்ணை எரிப்பது வேறு வாயு. பூமியைச் சூடாக்குவது கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியாத வாயு.

இந்த வேறுபாட்டை முதலில் தெளிவாக்கிவிட வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற்று இயங்கும் ஆலைகள் ஆண்டுதோறும் செப்டம்பர் 30-க்குள் வாரியத்திடம் படிவம் 5-இல் சுற்றுச்சூழல் அறிக்கை தர வேண்டும். எவ்வளவு நீர், எவ்வளவு மூலப்பொருள், எவ்வளவு கழிவு, என்னென்ன மாசு என்பவை அதில் இருக்கும். கார்பன் டைஆக்சைடுக்கென்று அதில் தனி இடம் கிடையாது. ஆகவே "எங்க ஊரு கம்பெனி ரிப்போர்ட் குடுக்குதா சார்?" என்று ஒரு மாணவன் கேட்டால், எந்த அறிக்கை என்று நாம் திருப்பிக் கேட்டாக வேண்டும்.

இருபது ஆண்டுகளுக்கு முன் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர் மக்கள் வாளியும் பிளாஸ்டிக் பையும் கொண்ட எளிய கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பி, அதில் என்னென்ன நச்சு வாயுக்கள் கலந்துள்ளன என்று தெரிந்துகொண்டார்கள். நம் மாவட்டத்துக் கதை இது. வகுப்பில் சொல்லத் தகுந்தது. ஆனால் ஓர் ஆலை ஆண்டுக்கு எத்தனை டன் கார்பன் டைஆக்சைடு விடுகிறது என்பதை அப்படி வாளியில் பிடித்துச் சொல்ல முடியாது. அந்த வாயு எங்கும் நிறைந்திருப்பது. வாயிலுக்கு வெளியே நிற்பவருக்கு அந்த எண் கிடைக்க ஒரே வழி, ஆலை தன் எரிபொருள் கணக்கைக் காட்டுவதுதான். அறிக்கை கட்டாயமா இல்லையா என்பது அதனால்தான் முக்கியமாகிறது.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்? பெரும்பாலும் புகைபோக்கியில் கருவி வைத்து அளப்பதில்லை. உள்ளே போகும் எரிபொருளை அளக்கிறார்கள். நம் சத்துணவு மைய இருப்புப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: தொடக்க இருப்பு, அதனோடு வரவு, அதிலிருந்து கடைசி இருப்பைக் கழித்தால் பயன்படுத்தியது. அரிசிக்குப் பதில் நிலக்கரி, டீசல், எரிவாயு. எடைமேடைச் சீட்டுகளும் கொள்முதல் ரசீதுகளும்தான் ஆதாரம். பயன்படுத்திய அளவை ஒரு காரணியால் பெருக்கினால் வாயுவின் எடை வந்துவிடும்.

அந்தக் காரணி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வேதியியல் பாடம் இருக்கிறது. பன்னாட்டுக் காலநிலை மாற்றக் குழுவின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, 1 டன் பழுப்பு நிலக்கரி எரிந்தால் ஏறக்குறைய 1.2 டன் கார்பன் டைஆக்சைடு வரும். பலகையில் எழுதியதுமே வகுப்பு ஒத்துக்கொள்ளாது. "ஒரு டன்னு எரிச்சா ஒரு டன்னுக்கு மேல எப்படி சார் வரும்?" இந்தக் கேள்வி வராவிட்டால் நாமே கிளப்ப வேண்டும். 12 கிராம் கார்பன், காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராம் ஆகிறது. பழுப்பு நிலக்கரியில் நீர் மிகுதி, நெய்வேலியில் வெட்டி எடுப்பதில் ஏறக்குறைய பாதி. அந்தக் காரணியின்படி ஒரு டன்னில் இருக்கும் கார்பன் 0.33 டன் அளவுதான். அதை 44/12 ஆல் பெருக்கிப் பாருங்கள், 1.2 வந்துவிடும். பொருண்மை அழியா விதியை நான் இப்போது இந்த எடுத்துக்காட்டோடுதான் நடத்துகிறேன்.

பிற வாயுக்களும் கணக்கில் உண்டு. 1 கிலோ மீத்தேன் நூறாண்டுக் காலத்தில் 28 கிலோ கார்பன் டைஆக்சைடுக்குச் சமம் என்று ஐந்தாவது மதிப்பீட்டு அறிக்கை சொல்கிறது. துணைமின் நிலையங்களின் சுவிட்சுகளுக்குள் அடைத்திருக்கும் சல்பர் ஹெக்சாபுளூரைடு 1 கிலோ கசிந்தால் 23,500 கிலோவுக்குச் சமம். எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றிக் கூட்டுவதால்தான் அறிக்கைகளில் ‘சமானம்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டு வருகிறது.

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையை எரிக்கிறார்களே, அது? அந்தக் கார்பன் போன பருவத்தில் கரும்பு காற்றிலிருந்து எடுத்தது. ஆகவே அதைத் தனி வரியில் காட்டுவார்கள், மொத்தத்தில் சேர்ப்பதில்லை. நம் மாவட்டத்துச் சவுக்கு விறகுக்கும் இதே விதி. இதை மாணவர்கள் எளிதில் ஏற்பதில்லை, விறகுப் புகையும் புகைதானே என்பார்கள். ஏற்காமல் இருப்பதும் நல்லதுதான். வெட்டிய இடத்தில் மறுபடி நட்டால்தானே இந்தக் கணக்கு சரியாகும்?

இனி, இந்தியாவில் யார் கட்டாயம் சொல்ல வேண்டும்? அமெரிக்காவில் 2009-இல் வந்த விதியின்படி, பொதுவாக ஆண்டுக்கு 25,000 டன்னுக்கு மேல் வெளியிடும் ஒவ்வோர் ஆலையும் தன் பெயரில் அறிக்கை தர வேண்டும். யாரும் இணையத்தில் பார்க்கலாம். (அதில் பெரும்பகுதியைக் கைவிடும் முன்மொழிவு 2025-இல் வந்தது.) அப்படி எல்லா ஆலைகளையும் தழுவும் ஒரே விதி நம்மிடம் இல்லை. துண்டு துண்டாகப் பல விதிகள் உள்ளன. எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-இன் கீழ், மிகுதியாக எரிசக்தி பயன்படுத்தும் ஆலைகள் ஆண்டுதோறும் பயன்பாட்டுக் கணக்கு தர வேண்டும். 2012-இல் தொடங்கிய திட்டத்தில் முதல் சுற்றில் 8 துறைகளின் 478 ஆலைகளுக்கு இலக்கு நிர்ணயித்தார்கள். அது எரிசக்திக் கணக்கு. வாயுக் கணக்குக்கான இலக்கு விதிகள் 2025 அக்டோபரில்தான் வந்தன. முதலில் அலுமினியம், சிமெண்ட், குளோர்-ஆல்கலி, காகிதம் ஆகிய 4 துறைகளில் 282 ஆலைகள். அறிக்கையைத் தனி முகமை சரிபார்க்கும். இலக்கைத் தவறவிட்டு, பற்றாக்குறைக்குச் சான்றும் வாங்காத ஆலை, சான்றின் சராசரி விலையைப் போல இரு மடங்கு இழப்பீடு கட்ட வேண்டும். அந்த நால்வர் பட்டியலில் அனல்மின் நிலையங்கள் இல்லை.

மூன்றாவது துண்டு பங்குச்சந்தை வழியாக வருவது. பட்டியலிடப்பட்ட முதல் 1,000 பெரிய நிறுவனங்கள் 2022-23 முதல் தங்கள் ஆண்டறிக்கையோடு நீடித்த வளர்ச்சி அறிக்கையும் தர வேண்டும் என்பது செபியின் ஆணை. சொந்தமாக எரித்ததால் வந்தது, வாங்கிய மின்சாரத்தால் வந்தது ஆகிய இரண்டையும் அதில் கட்டாயம் காட்ட வேண்டும். மூலப்பொருள், போக்குவரத்து முதலிய வெளிச்சங்கிலி விருப்பத்துக்கு உட்பட்டது.

நம் மாவட்டத்தில் இது எப்படி விழுகிறது என்று பாருங்கள். என்.எல்.சி. பட்டியலிடப்பட்ட நிறுவனம், அறிக்கை தருகிறது. ஆனால் அது நிறுவனத்தின் மொத்தக் கணக்கு. ராஜஸ்தானின் பார்சிங்சர் மின்நிலையமும் அதே நிறுவனத்துடையது. நெய்வேலிக்கு மட்டும் எவ்வளவு என்று அந்த ஒரு வரியிலிருந்து பிரிக்க முடியாது. சிதம்பரம் பக்கம் பரங்கிப்பேட்டை அருகே இறக்குமதி நிலக்கரியில் ஓடும் 1,200 மெகாவாட் நிலையத்தின் நிறுவனம் பட்டியலிடப்படாதது. அதை செபியின் ஆணை தொடாது. சிப்காட்டில் இருக்கும் சிறிய, நடுத்தர இரசாயன ஆலைகள் பலவும் அப்படியே.

எண்களை வாசிக்கக் கற்றுக்கொடுப்பதும் வேண்டும். புதிய விதிகள் கேட்பது மொத்தத்தை அல்ல, செறிவை. அதாவது ஒரு டன் பொருளுக்கு எத்தனை டன் வாயு என்பதை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே போடக்கூடிய கணக்கு இது: ஓர் ஆலை 1,00,000 டன் பொருள் செய்கிறது, டன்னுக்கு 2 டன் வாயு. அடுத்த ஆண்டு டன்னுக்கு 1.8 ஆகக் குறைத்துவிட்டது, உற்பத்தி 1,20,000 டன். செறிவு 10 விழுக்காடு குறைந்தது. மொத்தமோ 2,00,000-லிருந்து 2,16,000 டன்னாகக் கூடியது. இரண்டுமே உண்மை. அறிக்கையின் முதல் பக்கத்தில் எதை அச்சிடுவார்கள் என்று கேட்டால், வகுப்பு சிரித்துக்கொண்டே பதில் சொல்லும்.

இதையெல்லாம் நடத்திய பிறகு எங்கள் பள்ளிக்கே ஓர் அறிக்கை தயாரிக்கச் சொன்னேன். எமிஸில் தினமும் பதிவேற்றும் நமக்கு இதெல்லாம் பெரிய வேலையா? மின்கட்டண அட்டையில் உள்ள யூனிட்டை 0.7 ஆல் பெருக்கினால் கிலோ வரும்; நாட்டின் மின்தொகுப்புக்கு ஏறக்குறைய அதுதான் சராசரி. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு 42 கிலோ. எல்லை எது என்பதில்தான் சண்டை மூண்டது. மாணவர்கள் வரும் அரசுப் பேருந்தின் டீசல் நம் கணக்கா, போக்குவரத்துக் கழகத்தின் கணக்கா? நம் சுவருக்குள் எரியாததால் நேரடிக் கணக்கில் வராது, வெளிச்சங்கிலியில் வரும் என்ற முடிவுக்கு அவர்களாகவே அரை மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். நான் விளக்கியிருந்தால் இன்னும் அதிக நேரம் ஆகியிருக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். நம் வகுப்பில் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவரின் மகளும் இருப்பாள், நிலம் கொடுத்தவரின் பேரனும் இருப்பான். ஆலை நல்லதா கெட்டதா என்று கை தூக்கச் சொன்னால் இருவரையும் அது காயப்படுத்தும். எண்ணோடு நின்றுவிடுவது நல்லது. அந்த எண் எங்கிருந்து வந்தது, எது விடுபட்டிருக்கிறது என்ற கேள்விகளுக்கு அந்தப் பிள்ளைகள்தான் மற்றவர்களைவிடக் கூர்மையாகப் பதில் சொல்கிறார்கள்.

மின்நிலையங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மத்திய மின்சார ஆணையம் மின்தொகுப்பில் இணைந்த நிலையங்களின் கார்பன் டைஆக்சைடு அளவை, நிலையம் வாரியாக ஆண்டுதோறும் இணையத்தில் வெளியிடுகிறது. ஹைடெக் ஆய்வகத்தில் அந்த எக்செல் கோப்பைத் திறந்து தமிழ்நாட்டுக்கு வடிகட்டினால் நெய்வேலி நிலையங்கள் தனித்தனி வரியாக வரும். உற்பத்தி செய்த மின்சாரமும் அதே கோப்பில் இருப்பதால், ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ என்று மாணவர்களே வகுத்துப் பார்த்து, பழைய நிலையத்தையும் புதியதையும் ஒப்பிடலாம். ஒரு பாடவேளை போதாது, இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.