கற்பனை நாட்டுக்கும் நீதி வேண்டும்

1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டம். நண்பர்கள் கூடி, ஆளுக்கொரு வேடம் ஏற்று, கற்பனை நாடொன்றில் உலவும் விளையாட்டு இது. அத்தகைய நாட்டைப் படைக்கும் பிள்ளைகள், சட்டத்துக்கு அடங்கி நடப்போரெல்லாம் நல்லவர்கள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது போதுமா?

நமது கிள்ளானையே பாருங்கள். துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்பது அந்நாளில் தோட்டத்து முறை. மக்கள் அடங்கித்தான் நடந்தார்கள். அதனால் அது அறமாகிவிடவில்லை. 1941-இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள், சம்பள உயர்வோடு இவ்வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டார்கள்.

ஆகவே, சட்டம் வகுக்கும் பிள்ளை அரசனாக மட்டுமன்றி, கடைசித் தொழிலாளியாகவும் வேடமிட்டு அந்நாட்டில் நடந்து பார்க்கட்டும். இருவரும் தலைநிமிர்ந்து நடக்க முடிந்தால், அதுவே நல்ல நாடு.