எடுப்புக் கக்கூசை ஒழித்த சேர்மன்!

குட்டீஸ்... 'கன்சல்டன்ட்' என்று ஒரு வேலை இருப்பது தெரியுமா?

ஒரு கம்பெனியில் புது இயந்திரம் வருகிறது என்று வையுங்கள். 'இது நமக்கு ஒத்து வருமா... வேலை போய்விடுமோ...' என்று அங்கிருப்பவர்கள் பயப்படுவர். அவர்களோடு உட்கார்ந்து பேசி, பழக்கி, புது முறைக்கு மெல்ல அழைத்து வருபவர் தான் இந்த ஆலோசகர். நல்ல சம்பளம் உண்டு!

அந்தப் பெயர் எதுவும் இல்லாமலே, ஒரு ஊரின் வழக்கத்தை மாற்றிய ஒருவர் எங்கள் கோபிசெட்டிபாளையத்தில் வாழ்ந்தார். அவர், ஜி.எஸ்.லட்சுமண அய்யர். 1917ல் பிறந்தவர், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர்.

எந்த வழக்கத்தை மாற்றினார்?

இன்று தண்ணீர் ஊற்றினால் கழிப்பறை சுத்தமாகி விடுகிறது. அன்று ஊர் ஊருக்கு இருந்தது, 'எடுப்புக் கக்கூஸ்!' தண்ணீரும் கிடையாது, தொட்டியும் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அதன் வழியே தினமும் ஒரு துப்புரவுத் தொழிலாளி வந்து, மலத்தைக் கையால் அள்ளி, வாளியில் போட்டு, தலையில் சுமந்து போக வேண்டும். மழைக்காலத்தில் அது முகத்தில் வழியும். படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அல்லவா? இந்த வேலையை ஒரு சில ஜாதியினர் தலையில் மட்டும் கட்டி, அவர்களைத் தொடக்கூடாது என்றும் ஒதுக்கினர். இதைவிட அநியாயம் உண்டா?

லட்சுமண அய்யர் குடும்பம், தாழ்த்தப்பட்ட மக்களைத் தங்கள் வீட்டுக்குள் அழைத்தது. கோபமடைந்த அக்ரகாரத்தார், அந்தக் குடும்பத்தையே தள்ளி வைத்தனர். அவர் அசரவில்லை. தாழ்த்தப்பட்ட மாணவர்கள் தங்கிப் படிக்க விடுதி நடத்தினார்.

கோபி நகராட்சித் தலைவராக, 1952 முதல் 1955 வரையும், பின், 1986 முதல் 1992 வரையும் இருந்தார். அவரது முயற்சியால், கோபியில் மனிதர் மலம் அள்ளும் வழக்கம் ஒழிந்தது. இதைத் தடை செய்யும் மத்திய அரசின் சட்டம் எப்போது வந்தது தெரியுமா? 1993ல் தான்! எங்கள் ஊர் முந்திக் கொண்டது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

வடக்கே பீகாரிலும் இப்படி ஒருவர் இருந்தார். பெயர், பிந்தேஸ்வர் பாடக். துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பிலேயே சில மாதங்கள் தங்கி, அவர்கள் படும் பாட்டைப் பார்த்தவர். 1970ல், 'சுலப்' அமைப்பைத் துவங்கினார். அவரது கழிப்பறைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் போதும். வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்பதால், நாற்றம் மேலே வராது. குழிகள் இரண்டு. ஒன்று நிறைந்ததும், அடுத்ததற்குத் திருப்பி விடலாம். மூடிய குழியில் இருப்பது, இரண்டு ஆண்டில் வாசனையில்லாத எருவாகி விடும்!

சொன்னால் யார் நம்புவர்? 1973ல், ஆரா என்ற ஊரின் நகராட்சி, 500 ரூபாய் கொடுத்து, 'இரண்டு கட்டிக் காட்டு' என்றது. கட்டிக் காட்டினார். பார்த்த பிறகு தான், 'எங்களுக்கும் வேண்டும்' என்று மக்கள் கேட்கத் துவங்கினர்.

சரி, அந்த வேலையைச் செய்து வந்தவர்கள் பிழைப்புக்கு என்ன செய்வர்? ராஜஸ்தானின் அல்வர் நகரில், 2003 முதல், அந்தப் பெண்களுக்கு, அப்பளம், ஊறுகாய் தயாரிக்கவும், தையல் வேலை செய்யவும் சுலப் கற்றுக் கொடுத்தது.

லட்சுமண அய்யர், 2011லும், பாடக், 2023லும் காலமாகினர். ஆனால், சாக்கடைக் குழிக்குள் மனிதர் இறங்கி விஷவாயுவில் இறப்பது, 2013ல் இன்னொரு சட்டம் வந்த பிறகும் நிற்கவில்லை. இதற்காக, கேரள இளைஞர்கள் சிலர், 'பாண்டிகூட்' என்ற ரோபோவை உருவாக்கினர். 2018ல் திருவனந்தபுரத்தில் வேலையைத் துவங்கியது. பின், நம் கும்பகோணத்துக்கும் வந்தது. பாண்டிகூட் என்றால் என்ன தெரியுமா... நம்ம பெருச்சாளி தான்! முன்பு குழிக்குள் இறங்கிய தொழிலாளர்களுக்கே இதை இயக்கப் பயிற்சி தருகின்றனர். ரோபோ உள்ளே இறங்க, அவர்கள் மேலே நின்று, திரையைப் பார்த்து அதை இயக்குகின்றனர்.