தோளில் தொங்கும் ஒலிப்பதிவுப் பை

சில வருடங்களுக்கு முன் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்திலே எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். 1990இல் ஊரைவிட்டு வந்தவர். குளத்துக்குக் கீழே அவருக்கு இருந்த வயல்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்த வரம்பு யாருடைய காணியைத் தொடுகிறது, துருசு திறந்தால் தண்ணீர் முதலில் எந்த வாய்க்காலில் இறங்கும், யாருக்கு எத்தனை நாள் முறை, எந்த மூலையில் மருதமரம் நின்றது என்று ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கதைத்தார். நான் கைத்தொலைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். "சுவாமி, உதை முகத்துக்கு முன்னாலை பிடிச்சா எனக்குக் கதை வராது" என்றார். ஆகவே அதைப் பாயில் வைத்தேன்.

அன்றிரவு போட்டுக் கேட்டபோது தகரக் கூரையில் விழுந்த மழை கேட்டது. பக்கத்து வளவு ஜெனறேற்றர் கேட்டது. பாய் உரசுவது கேட்டது. பெரியவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. அடுத்த மாதம் போய்த் திரும்பவும் பதிவோம் என்று எண்ணினேன். அதற்கிடையில் அவர் இறைவனடி சேர்ந்துவிட்டார். மகன் வந்து பதிவைக் கேட்டார், கொடுத்தேன். "அப்பாவின்ர குரல்தானே சுவாமி, காணும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார். எந்த வரம்பு எங்கே என்பதை அந்தப் பதிவிலிருந்து எவராலும் அறிய முடியாது. பிழை முழுவதும் என்னுடையதுதான்.

ஒலிப்பதிவு வானொலிக்காரர்களின் வேலை என்று நினைத்து ஒதுங்க வேண்டாம். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 யூனில் வெளியேறியபோது முப்பது வயதாக இருந்தவர் இன்று அறுபத்தைந்தை எட்டிவிட்டார். முள்ளிக்குளத்தவர் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டது 2007இல். காணிகள் கட்டங்கட்டமாக விடப்பட்டபோது திரும்பிப் போனவர்களில் பலர் வேலியும் இல்லாமல், கிணறும் தூர்ந்து, தங்கள் வளவு எது என்று தெரியாமல் நின்றதை நாம் கண்டோம். அங்கே உழுது விதைத்தவர்களின் நினைவுதான் இப்போது எமக்கு உள்ள வரைபடம். ஒலிப்பதிவு காணி உறுதிக்கு ஈடாகாது. அதை எவருக்கும் சொல்லி ஏமாற்றக் கூடாது. ஆனால் உறுதியில் எழுதப்பட்ட எல்லையை நிலத்தில் தேடும்போது எங்கே பார்ப்பது என்று அது சொல்லும். மொட்டைக்கறுப்பனையும் பச்சைப்பெருமாளையும் எந்த நிலத்தில் எப்போது விதைத்தார்கள், அருவி வெட்டும்போது என்ன பாடினார்கள் என்பதும் அதே வாய்களில்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு பை போதும். பதிவு செய்பவரின் இரு கைகளும் ஓய்வாக இருக்க வேண்டும், வயர்கள் முன்பே பூட்டியிருக்க வேண்டும், எதையும் தேடக் கூடாது. பையின் வேலை இவ்வளவுதான். சுவிற்சர்லாந்தில் ஸ்ரெபான் குடெல்ஸ்கி என்ற போலந்து நாட்டவர் 1951இல் தோளில் கொண்டுதிரியக்கூடிய ஒலிப்பதிவுக் கருவியைச் செய்து அதற்கு "நாக்ரா" என்று பெயரிட்டார். போலந்து மொழியில் "பதிவு செய்யும்" என்று பொருள். பாரமான பெட்டி அது. இன்று உள்ளங்கை அளவுக் கருவி அந்த வேலையைச் செய்கிறது. தோளில் மாட்டும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

மேல்பக்கம் முழுவதும் திறக்கும், அடித்தட்டு விறைப்பான ஒரு துணிப்பை எடுங்கள். பிள்ளைகளின் சாப்பாட்டுப் பையும் உதவும். கருவியை நிமிர்த்தி, அதன் திரை மேலே பார்த்தபடி வையுங்கள். குனிந்து பார்த்தாலே ஒலியின் அளவும் பற்றறியின் அளவும் தெரிய வேண்டும். சுற்றிவரப் பழைய மெத்தைப் பஞ்சு அல்லது தேய்ந்த இறப்பர் செருப்பை வெட்டி வைத்து இறுக்குங்கள். ஆடுகின்ற கருவி தட்டுப்படும், அந்தத் தட்டலும் பதிவில் விழும். ஒலிவாங்கி வயர் ஒரு பக்கத்தாலும் ஹெட்போன் வயர் மறுபக்கத்தாலும் வெளியே வரட்டும். இரண்டையும் பையின் வளையத்தில் சிறு கயிற்றால் கட்டி, உள்ளே ஒரு சுற்று தளர விடுங்கள். யாரும் தடக்கி இழுத்தால் இழுவை கயிற்றில் விழ வேண்டும், கருவியின் துளையில் அல்ல. எமது நிலையத்தில் ஒரு கருவி இந்தக் கயிறு இல்லாததால்தான் வீணானது. பையின் வாரை ஒரு தோளில் தொங்கவிடாமல் மார்புக்குக் குறுக்கே போடுங்கள். புதுப் பற்றறிகள் இடப்பக்கப் பைக்குள், முடிந்தவை வலப்பக்கம். இதை மாற்றவே கூடாது. இருட்டில் கை தானாகப் போக வேண்டும்.

பற்றறி என்றதும் பலருக்கு 1990களின் பொருளாதாரத் தடை நினைவு வரும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். இப்போது சார்ச் செய்யும் பற்றறிகள் கிடைக்கின்றன. அவற்றின் அழுத்தம் 1.2 வோல்ற்று, சாதாரணப் பற்றறிக்கு 1.5. எந்த வகை போட்டிருக்கிறீர்கள் என்று கருவியின் அமைப்பில் குறிக்காவிட்டால் அது மிச்சத்தைப் பிழையாகக் காட்டி, கதை நடுவில் நின்றுவிடும். பல சிறு கருவிகளை ரெலிபோனுக்கான பவர் பாங்கிலும் ஓட்டலாம்.

அடுத்தது ஒலிவாங்கி. சட்டையில் குத்தும் சிறிய ஒலிவாங்கி எமது வேலைக்கு நல்லது. பெரியவர் அதை மறந்துவிடுவார். நாடிக்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். சேலை மடிப்பு, தாலிக்கொடி, செபமாலை ஆகியவை உரசாத இடமாகப் பாருங்கள். சில ஒலிவாங்கிகளுக்குக் கருவியிலிருந்து மின் போக வேண்டும்: சிறியவற்றுக்குச் சில வோல்ற்று, மூன்று முனை கொண்ட பெரியவற்றுக்கு 48 வோல்ற்று. அந்த ஆளியைப் போடாவிட்டால் ஒன்றும் பதியாது. இரண்டாம் விதி தூரம். பேசுபவரிடமிருந்து ஒலிவாங்கி இரு மடங்கு விலகினால் அதை அடையும் குரலின் வலு நாலில் ஒன்றாகிறது. கூரையின் இரைச்சலோ குறையாது. நான் பாயில் வைத்த தொலைபேசிக்கு நடந்தது இதுதான்.

வயலுக்குக் கூட்டிப்போய்ப் பதிவதானால் காற்று பெரிய எதிரி. வீட்டுக்குள் பஞ்சு உறை போதும். சோளகம் அடிக்கும் நாட்களில் அது காணாது, மயிர் உறை வேண்டும். அதுவும் இல்லையேல் காற்றுக்கு முதுகு காட்டி, பேசுபவரை உங்கள் மறைவில் இருத்துங்கள்.

பையில் எதை விட்டாலும் ஹெட்போனை விடாதீர்கள். காதை முழுதாக மூடுவதாக இருக்கட்டும். எமது காது கெட்டிக்காரக் காது. பழகிய இரைச்சலைத் தானே ஒதுக்கிவிடும். ஒலிவாங்கி ஒதுக்காது. ஹெட்போனைப் போட்ட கணமே கோழியும், பக்கத்து வீட்டு நீரிறைக்கும் இயந்திரமும், குளிர்சாதனப் பெட்டியின் முனகலும் கேட்கும். அப்போது இடத்தை மாற்றலாம், பத்து நிமிடம் பொறுக்கலாம். வீட்டுக்கு வந்து கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது. எல்லோருடைய தொலைபேசிகளையும் நிறுத்தச் சொல்லுங்கள். சத்தம் போடாத தொலைபேசியும் அருகில் இருந்தால் வயருக்குள் "டிக் டிக்" என்று நுழையும்.

ஒலி அளவைக் கருவி தானே சரிசெய்யும் வசதியை நிறுத்திவிடுங்கள். பேசுபவர் மூச்சுவிட நிற்கும்போது அது சுற்றுச் சத்தத்தை உயர்த்தும். கையால் வையுங்கள்: உரத்துப் பேசும்போது திரையில் மைனஸ் 12 டெசிபல் வரை போகட்டும், பூச்சியத்தைத் தொட்டால் குரல் கிழிந்துவிடும். முதியவர்கள் மெல்லத் தொடங்குவார்கள். கிணற்றைத் தூர்த்ததைச் சொல்ல வரும்போது குரல் ஏறும். ஆகவே தொடக்கத்தில் ஒரு பாட்டுப் பாடச் சொல்லி அதற்கு அளவு வைப்பது என் வழக்கம். பதிவை 'வேவ்' வடிவில், 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற்றில் வையுங்கள். இரு தடத்தில் ஒரு மணித்தியாலம் ஏறத்தாழ ஒரு ஜிகாபைற் எடுக்கும். 32 ஜிகாபைற் மெமறிக் காட்டில் முப்பது மணித்தியாலம் அடங்கும். இடம் போதாது என்று தரத்தைக் குறைக்கத் தேவையில்லை.

தொடங்கும்போது திகதி, இடம், பேசுபவரின் பெயர், அவர் சம்மதம் ஆகியவற்றைக் குரலிலேயே பதியுங்கள். பிறகு வீட்டுப் படலையிலிருந்து நடக்கச் சொல்லுங்கள்: ஒழுங்கை, கிணறு, வயல், பிறகு நான்கு எல்லையும் வடக்கிலிருந்து முறையாக. எம்மவர் கையைக் காட்டி "அங்காலை", "உதிலை" என்பார்கள்; ஒலிநாடாவுக்குக் கண் இல்லை. "எது அப்பு, மருதமரத்துக்குக் கிழக்கையோ?" என்று கேட்டுச் சொல்லுவியுங்கள். மணலில் தடியால் கீறிக்காட்டினால் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் பதிய வேண்டும் என்பதில்லை. காணாமற்போன பிள்ளையின் கதை வந்தால் கருவியை மறந்து பக்கத்தில் இருங்கள். "நிப்பாட்டட்டோ?" என்று கேளுங்கள், நிப்பாட்டு என்றால் உடனே நிறுத்துங்கள். அயலவரோடுள்ள எல்லை வழக்கைப் பற்றி ஒருவர் சொன்னது மற்றவரின் காதுக்கு எம் கையால் போகக் கூடாது. குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் முகநூலில் ஏற்றுவது பெரும் பிழை.

பதிவு முடிந்ததும் பேச்சில்லாமல் அரை நிமிடம் ஓடவிடுங்கள். பின்னர் தொகுப்பவருக்கு அந்த இடத்தின் வெறும் ஓசை தேவைப்படும். அன்றிரவே இரண்டு பிரதி எடுத்து, இரண்டையும் போட்டுக் கேட்டுப் பார்த்த பின்னரே காட்டை அழியுங்கள். ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும். முதற்பிரதி எப்போதும் குடும்பத்துக்கு, அவர்கள் ரெலிபோனில் கேட்கக்கூடிய எம்.பி.3 வடிவில். கோப்புக்கு வருடம், மாதம், நாள், ஊர், வயலின் பெயர் என்ற ஒழுங்கில் பெயர் வையுங்கள்.

பையை அப்படியே மூடி வைக்காதீர்கள். பற்றறிகளைக் கழற்றி, வயர்களை முறுக்காமல் வட்டமாகச் சுற்றி, மாரி காலத்தில் ஒரு நாள் நிழலில் காயவிட்ட பின் உள்ளே வையுங்கள்.