பல்லுக்குக் கம்பி, பிள்ளைக்குத் துணை

நம் முதலமடைத் தமிழ்க் குடும்பங்களிலும் பல்லில் கம்பி கட்டிய பிள்ளைகளை இப்போது காண்கிறோம். பாலக்காட்டுக்கோ பொள்ளாச்சிக்கோ நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏற வேண்டும். ஒன்றரை, இரண்டு வருஷம் இப்படி ஓடும். நடுவில் பிள்ளை, "வலிக்குது, கழட்டிடுங்க" என்று அடம்பிடித்தால் பணமும் போச்சு, பல்லும் பழைய இடத்துக்கே திரும்பும். ஆகவே அந்த வலி என்ன என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நலம்.

பல், எலும்பில் அடித்த ஆணி அல்ல. வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையில் கால் மில்லிமீட்டர்கூட வராத மெல்லிய நார்ப்படலம் உண்டு. கம்பி அழுத்தும்போது ஒரு பக்கம் நார் நசுங்கி அங்கே எலும்பு கரைகிறது. மறுபக்கம் நார் இழுபட்டு அங்கே புது எலும்பு வளர்கிறது. பல் நகர்வது இப்படித்தான். இந்த வேலைக்கு உடம்பு சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளே நரம்பையும் கூச வைக்கிறது. கம்பி முறுக்கிய சில மணி நேரத்தில் வலி தொடங்கும், மறுநாள் உச்சம், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். சில வலி மாத்திரைகள் அந்தச் சுரப்பையே தடுப்பதால் பல் நகர்வும் மந்தப்படலாம் என்பர். அதனால்தான் பல மருத்துவர்கள் பாராசிட்டமாலை முதலில் சொல்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்குவது சரியல்ல.

"ரொம்ப வலித்தால் சீக்கிரம் நேராகும்" என்பது தவறு. மெல்லிய, விடாத அழுத்தமே நல்லது. 1970களில் வந்த நிக்கல்-டைட்டானியம் கம்பி அதற்கு உதவியது. இந்தியாவில் இத்துறை நிபுணர்களின் சங்கம் 1965-லேயே தொடங்கிவிட்டது. ஆக, இது நேற்று வந்த நாகரிகம் அல்ல.

இனி மனசு விஷயம். தனக்கே வேண்டும் என்று வந்த பிள்ளை, அம்மா சொன்னாள் என்று வந்த பிள்ளையைவிட நன்றாக ஒத்துழைக்கும். 2005-இல் அமெரிக்க ஆய்வொன்று வெளியானது. கம்பி கட்டிய பின் வீட்டுக்குப் போன் செய்து விசாரிக்கப்பட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன. சிகிச்சையைப் பற்றிப் பேசினாலும் சரி, சும்மா நன்றி சொன்னாலும் சரி, பலன் ஒன்றே. கேட்க ஒருவர் இருந்ததே மருந்தாயிற்று.

நாம் செய்யக்கூடியது இவ்வளவுதான். முதல் மூன்று நாள் குழைந்த சோறு, இட்லி, கஞ்சி கொடுங்கள். நேந்திரங்காய் வறுவல், முறுக்கு, கரும்பு வேண்டாம். நம்ம ஊர் மாங்காயைக் கடிக்க விடாமல் சன்னமாக நறுக்கித் தாருங்கள். "நாளைக்குத்தான் கூட வலிக்கும், அப்புறம் குறையும்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பாட்டி, மாமா யாராவது மாலையில் "எப்படி இருக்கு கண்ணு?" என்று விசாரிக்கட்டும். கம்பி கழற்றிய பின்னும் மருத்துவர் தரும் ரிட்டெய்னரை அவர் சொன்ன காலம் வரை போட வையுங்கள். அதை விட்டால் பட்ட வலியெல்லாம் வீண்.