பாலாவின் அபிநய வாத்தியார் பலர், கால் வாத்தியார் ஒருவர்!

வாருங்கள், பேச்சுச் சத்தம் கேட்காமல் பின்வாசல் வழியாக உள்ளே போய்விடலாம். முன்வாசலில் எப்போதும் கூட்டம்தான். நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் கண், கை, அபிநயம் என்று எழுதியவர்கள் எல்லாரும் அங்கேதான் நிற்கிறார்கள். நாம் பார்க்க வந்தது வேறு ஒருவரை. கையில் தட்டுக்கழியோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறாரே, அவரை. கே. கந்தப்பா பிள்ளை. தஞ்சை நால்வர் வழிவந்த நட்டுவனார். நாலு வயதுப் பாலாவை ஆட வைத்த வாத்தியார்!

பாலா பிறந்தது 1918-இல். பாட்டி வீணை தனம்மாள். ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ணா தெருவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வாசித்தால், கேட்க வந்து உட்கார்பவர்களே பெரிய வித்வான்களாக இருப்பார்கள். அப்படிப்பட்ட இசைக் குடும்பத்தில் இந்தக் குழந்தைக்கு மட்டும் கால் நிற்கவில்லை. தெருவில் ஆடிக்கொண்டு வரும் ஒரு பிச்சைக்காரரைப் பார்த்துவிட்டுக் கூடவே ஆடுமாம். மயிலாப்பூர் கௌரி அம்மாளின் ஆட்டத்தைப் பார்த்ததும் தீர்மானமே ஆகிவிட்டது, ஆடியே ஆக வேண்டும் என்று. சதிராட்டத்தை, அதாவது இன்றைய பரதத்தை, கேவலமாகப் பேசிய காலம் அது. சொந்தக்காரர்களே முகம் சுளித்தார்கள். அம்மா ஜயம்மாள் பின்வாங்கவில்லை. அந்தத் தாயை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

சரி, வகுப்பு நடக்கிறது, எட்டிப் பாருங்கள். பலகையில் கழி விழுகிறது. தையா தை. அரைமண்டியில் முட்டி இரண்டும் பக்கவாட்டில் விரிந்திருக்க வேண்டும். முதுகு வளையக் கூடாது. பாதம் முழுசாகத் தரையில் பட வேண்டும். ஒரே அடவு முதல் காலத்தில், அப்புறம் இரண்டாம் காலத்தில், அப்புறம் மூன்றாம் காலத்தில். கழியின் வேகம் ஏறுகிறபோது பழகாத கால் முதலில் திருடுவது அரைமண்டியைத்தான், மெல்ல மெல்ல உடம்பு மேலே எழும்பிவிடும். நல்ல நட்டுவனார் அதைக் கண்ணால் பார்க்கக்கூட வேண்டாம். பாதம் தட்டுகிற சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். கந்தப்பா பிள்ளையின் கண்டிப்பு ஊரறிந்தது. அவரிடம் தாளம் அரை மாத்திரை நழுவினால் தப்ப முடியாது.

மேடை என்று வந்தால் கழி போய்க் கைத்தாளம் வரும். அதையும் கிட்டப்போய்ப் பாருங்களேன், எவ்வளவு அழகான சாமான்! ஒன்று வெண்கலம், ஒன்று இரும்பு. இரண்டும் இரண்டு உலோகம் என்பதால்தான் அந்தக் கூர்மையான நாதம். அடிக்கிற கைக்கும் ஆடுகிற காலுக்கும் நடுவே இம்மி இடைவெளி இருந்தாலும் சபை முழுக்கக் கேட்டுவிடும்.

1925. காஞ்சிபுரம், அம்மனாட்சி அம்மன் கோயில். ஏழு வயதில் அரங்கேற்றம்! அந்தச் சின்னக் காலில் கட்டிய சலங்கையைப் பற்றி ஒரு சங்கதி சொல்ல வேண்டும், இதற்காகத்தான் உங்களைப் பின்வாசல் வழியாகவே இழுத்து வந்தேன். சத்யஜித் ராய் 1976-இல் ‘பாலா’ என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார். கடற்கரைக் காற்று புடவையை அலைக்கழிக்க, ‘கிருஷ்ணா நீ பேகனே’க்கு அவர் அபிநயம் பிடிப்பதைத்தான் எல்லாரும் கொண்டாடுவார்கள். எனக்கோ கடைசியில் வரும் வர்ணம்தான் உயிர். அப்போது பாலாவுக்கு 58 வயது. காலில் கட்டியிருப்பது அரங்கேற்றத்தில் கட்டிய அதே சலங்கை என்று அந்தப் படம் சொல்கிறது. அதே சலங்கை! முதல்முறை கேட்டபோது படத்தை நிறுத்திவிட்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த மணிகள் கந்தப்பாவின் கணக்குக்குத்தான் ஒலிக்கின்றன என்று எனக்கு அடித்துச் சொல்லத் தோன்றியது.

பாலா மேடையிலேயே கற்பனை செய்து ஆடுவதை வியக்காதவர் இல்லை. ஒரே வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாட, ஒவ்வொரு முறையும் புதுசாக ஒரு பாவம் பிறக்கும். அதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் கௌரி அம்மாள், சின்னையா நாயுடு, வேதாந்தம் லட்சுமிநாராயண சாஸ்திரி. பெரிய வாத்தியார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் வர்ணத்தில் அவ்வளவு தூரம் அலைந்துவிட்டு, தாளக் கணக்கை முடிக்கும் தீர்மானம் வரும்போது கால் சரியாக இடத்தில் வந்து விழ வேண்டுமே! தாளம் ரத்தத்தில் ஊறியவளுக்குத்தான் அதை மறந்து பாட்டுக்குள் போகத் தைரியம் வரும். அந்தத் தைரியத்தைக் கொடுத்தது கழி பிடித்த கை என்பதுதான் என் கட்சி. இதில் யாரோடும் வாதம் செய்யத் தயார்.

1975-இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் பாலா தலைமையுரை ஆற்றினார். அலாரிப்பைக் கோபுரமாகவும், ஜதிஸ்வரத்தை அர்த்த மண்டபமாகவும் பார்த்து, கச்சேரியின் வரிசையையே கோயிலுக்குள் படிப்படியாகப் போவதாக விளக்கிய பேச்சு அது. அந்த வரிசைக்கு உருவம் கொடுத்தவர்கள் தஞ்சை நால்வர். அவர்கள் வழிவந்த ஒருவரிடமே குழந்தையாக அதைக் கற்றவர் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள், புல்லரிக்கும்.

கந்தப்பா பிள்ளையின் பிற்காலம் நடந்தது மலை மேலே. அல்மோராவில் நாட்டியக் கலைஞர் உதயசங்கர் நடத்திய கலை மையத்துக்குப் பரதம் சொல்லித்தரப் போனார். சக ஆசிரியர்கள் யார் தெரியுமா? கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, மணிப்புரிக்கு அமோபி சிங், இசைக்கு உஸ்தாத் அலாவுதீன் கான்! அந்த வராந்தாவில் ஒரு ஓரமாக நின்று கேட்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று இருக்கிறது.

1941-இல் அவர் காலமானார். பாலாவுக்கு அப்போது இருபத்துச் சொச்ச வயதுதான். அடுத்து வந்த வருஷங்கள் லேசானவை இல்லை. கச்சேரிகள் குறைந்தன, உடம்பும் படுத்தியது. அதற்குப் பிறகு மீண்டு வந்து ஆடினார். 1953-இல் மியூசிக் அகாடமியில் தொடங்கிய நாட்டியப் பள்ளியில் தானே வாத்தியாரானார். 1973-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அந்த விருதை வாங்கிய முதல் நாட்டியக் கலைஞர் அவர்தான். இந்தப் பிற்காலக் கச்சேரிகளில் பாலாவுக்கு நட்டுவாங்கம் செய்தவர் கணேசன். கந்தப்பா பிள்ளையின் மகன்!